தூக்கிய கையும் காலண்டர் அட்டையும்

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டவள் நான்தான். ஒன்றைக்கூடக் கடையில் கொடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு படத்துக்கு பிரேம் போடக் கடைக்காரர் கேட்ட காசில் எங்கள் வீட்டில் பல நாள் அடுப்பு எரியும். அதனால் கற்றுக்கொண்டேன். இல்லாவிட்டால் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆணி அடிக்க எனக்கென்ன தலையெழுத்தா?

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்தேன். இரண்டே அறை உள்ள ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மாமியார் எங்களோடு இருந்தார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வெட்டும் பிரிவில் இருந்தேன். மூலை மடங்கியது, அச்சு நகர்ந்தது என்று கழித்துப் போட்ட அட்டைகளை எடுத்துப் போக விடுவார்கள். மற்றப் பெண்கள் அடுப்பு மூட்ட எடுத்துப் போவார்கள். நான் படத்துக்கு எடுத்து வந்தேன். இரும்பு ஸ்கேலும் பிளேடும் என் கைக்கு அத்துப்படி. நேராக வெட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன்.

முதலில் கண்ணாடி போட்டது எங்கள் கல்யாணப் படத்துக்கு. கண்ணாடிக் கடையில் வெட்டி மிச்சமான துண்டுகளைச் சல்லிசாகக் கொடுப்பார்கள். அதில் ஒன்றை வாங்கி, படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் பழைய காலண்டர் அட்டை கொடுத்து, நாலு பக்கமும் தச்சு வேலை செய்யும் இடத்தில் கழிந்த மெல்லிய ரீப்பர் கட்டையை அடித்துவிட்டேன். மூலைகள் சேரவில்லை. மரத்தூளில் பசை குழைத்து அடைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கடை பிரேம் மாதிரியே இருந்தது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் அடித்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கலாம் என்று இழுத்தேன். என் மூக்கு மட்டும் கண்ணாடியோடு போய்விட்டது.

"இன்னாமே இது, மூக்குத்தியோட போச்சே!" என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். பட்டறையில் வேறு போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் என்றால் கோபம், அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்பே போடவில்லை.

மவுண்ட் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. படத்தைச் சுற்றி ஓர் அட்டை, நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டு. அது அழகுக்கு என்றுதான் கடைக்காரர் சொல்வார். உண்மையில் அது இருந்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. இன்னொன்றும் உண்டு. என்னைப் போல மிச்சக் கண்ணாடி வாங்குகிறவளுக்கு, கண்ணாடி பெரிதாகவும் படம் சிறிதாகவும் இருந்தால் நடுவில் உள்ள இடத்தை அடைக்க வேறு வழி கிடையாது. அதற்குப் பிறகு நான் போட்ட படம் எதுவும் கண்ணாடியில் ஒட்டவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

இனி மாமியார் படத்துக்கு வருகிறேன்.

மாமியாரும் மாமனாரும் வெள்ளானூரில் ஒரு நிலக்காரரிடம் கூலி வேலை செய்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது மாமனார் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்கு வீட்டில் ஒரு படம் கிடையாது. கழனியில் வேலை செய்கிறவனை யார் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்? அப்பன் முகம் எப்படி இருக்கும் என்று மகனுக்கே தெரியாது.

"ஒரே ஒரு படம் கீதும்மே," என்பார் மாமியார். "ஆண்ட ஊட்டுக் கூடத்துல மாட்டிக்கீது. அதுல கீறாரு."

ஆண்டை என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னும் இன்னா அத்தை ஆண்ட, பூண்டனு? நிலக்காரருன்னு சொல்லுங்க," என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே ஆண்டை வந்துவிடும்.

அந்த நிலமெல்லாம் மனைக்கட்டாகி விற்றது. நிலக்காரர் குடும்பம் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு டவுனுக்குக் குடிபோகிறது என்று கேள்விப்பட்டு, மாமியார் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரும்போது முந்தானைக்குள் சுற்றி அந்தப் படம் இருந்தது. நிலக்காரர் மருமகள்தான் கொடுத்தாராம். "எடுத்துக்கோடி, எங்க ஆல்பத்துல இதே படம் இன்னொண்ணு இருக்கு" என்றாராம்.

நான் வாங்கிப் பார்த்தேன். அந்த மருமகளின் கல்யாணப் படம்தான் அது. கறுப்பு வெள்ளை. கோயிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வருகிறார்கள். சுற்றிச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கிறது. வலது கோடியில் மேல்துண்டு இல்லாமல், பனியனோடு, மெலிந்த ஆள் ஒருவர் கையை நீட்டிப் பெண் மாப்பிள்ளை தலைக்கு மேல் பெரிய குடை பிடித்திருக்கிறார். அவர் வெயிலில் நிற்கிறார். அவர்தான் என் மாமனார். முகம் என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. ஆனால் தெளிவு. அப்படியே என் வீட்டுக்காரர் மூஞ்சி, அதே முன்பல்.

"இவரை மட்டும் வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டுடறேன் அத்தை," என்றேன்.

மாமியார் படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "உசுரோட கீறவங்க படத்துல கத்திரி வெப்பியா? அந்தம்மா நல்லா கீது, அவங்க ஊட்டுக்காரரு கீறாரு. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

ஆவடியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் முகத்தை மட்டும் காப்பி எடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னோம். வந்தது படம் இல்லை, அடுப்புப் புகை. மாமியார் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

அப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. படத்தை எதற்கு வெட்ட வேண்டும்? அட்டையை வெட்டலாமே. ஜன்னலை அவர் நிற்கும் இடத்தில் மட்டும் வைத்தால், மற்றவர்கள் எல்லாரும் அட்டைக்கு அடியில் போய்விடுவார்கள். கத்திரி யார் மேலும் படாது.

சொல்வது சுலபம். ஓரத்தில் நிற்கும் ஆளை நடுவில் கொண்டுவர வேண்டுமென்றால் படம் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும், அட்டை மறுபக்கம் அந்த அளவுக்கு நீள வேண்டும். கண்ணாடியும் அத்தனை பெரிதாக வேண்டும். இரண்டு மாதம் தேடி, ஒரு கடையில் பிரித்துப் போட்ட ஷோகேஸ் கண்ணாடி கிடைத்தது. கம்பெனியிலிருந்து கறையில்லாத வெள்ளை அட்டையாக ஒன்று கேட்டு வாங்கினேன். கழித்த அட்டை இவருக்கு வேண்டாம் என்று தோன்றியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஜன்னல். நாலு முனையிலும் பிசிறு இல்லாமல் வெட்டினேன். சுற்றிலும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் தங்க ஓரத்தைக் கீறி எடுத்து ஒட்டினேன். உயர நீட்டிய கை முழங்கையைத் தாண்டிக் குடையோடு அட்டைக்குள் போய்விட்டது. முழங்கை வரைக்கும்தான் ஜன்னலில் தெரிந்தது. அதற்கு மேல் காட்டினால் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் வந்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை கிண்டினேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில் துத்தம் பொடித்துப் போடுவது வழக்கம். ஒரு சிட்டிகை போதும். இது ஒரே படமாயிற்றே, கெட்டுப் போய்விடக் கூடாதே என்று நான் நாலு சிட்டிகை போட்டேன். பசை நீலமாகவே இருந்தது. அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும் நன்றாகத் தடவிக் காலண்டர் அட்டையில் அழுத்தி ஒட்டினேன். மற்றவர்களுக்கு எதற்குப் பசை வீண்? ஓரத்தில் இரண்டு இடத்தில் டேப் போட்டு விட்டேன். எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு கடுப்பு.

வாசலுக்கு நேர் எதிரே மாட்டினோம். காலை வெயில் நேராக வந்து அவர் மேல் விழும். மாமியார் அதன் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். ஒருநாள் என்னிடம், "இப்பதாம்மே தனியா பாக்கறேன். கழனில கூட எப்பவும் பத்து பேரோடதான் நிப்பாரு," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய கண்ணாடிக்குள் இத்தனூண்டு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? பக்கத்து வீட்டில் குடியிருந்த கண்டக்டர், "இன்னா ஆயா, தாத்தா பஸ்ஸ நிறுத்தறாரா?" என்று கேட்டுவிட்டார். மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பஸ்ஸும் இல்ல, லாரியும் இல்ல. மேடைல பேசறாரு. கூலி ஏத்திக் குடுன்னு கேட்டு மீட்டிங்கு போட்டாங்க, அப்ப எடுத்தது," என்றார் பட்டென்று.

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து அதுதான் கதை. நாளாக நாளாகக் கூட்டம் பெரிதானது, மைக் வந்தது, போலீஸ்கூட வந்தது. என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு அவரும் பட்டறையில், "எங்கப்பா அந்தக் காலத்துலயே சங்கத்துல இருந்தாரு" என்று விட ஆரம்பித்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அட்டையைப் பிரித்தால்தானே தெரியும்.

தொண்ணூறுகளில், படம் மாட்டி எட்டொன்பது வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இறங்கி, மாமியாரைக் கேட்டது. நிலக்காரர் மருமகளின் மகள். மாமியார் அதன் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றுவிட்டார். நான் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எங்க அம்மா தவறிட்டாங்க ஆயா," என்றது அந்தப் பெண். "போன வாரம். அப்பா ஏற்கெனவே போயிட்டாரு. புதன்கிழமை கருமாதி."

மாமியார் மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அந்தம்மாவா?" என்று உண்மையாகவே அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் வந்த விஷயத்தைச் சொன்னது. ஆல்பம் இருந்த பெட்டியில் செல் அரித்துவிட்டது. அம்மாவின் படம் என்று இருப்பதெல்லாம் கடைசிக் காலத்தில் நோயில் எடுத்தவை. "அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லை. உங்களுக்கு ஒரு கல்யாணப் படம் கொடுத்ததா அம்மா சொல்லுவாங்க. கொடுத்தீங்கன்னா காப்பி எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்." சொல்லிக்கொண்டே சுவரில் தேடியது. எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு எப்படித் தெரியும்?

போன படம் திரும்பி வருமா? வந்தாலும் முழுசாக வருமா? மாமியாருக்கு இருப்பது அந்த ஒரு முகம். அதோடு அந்த மேடை, மைக், போலீஸ் எல்லாம் இந்த அட்டை ஒன்றை நம்பித்தான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று மாமியாரைப் பார்த்தேன். அவர் சுவரைக் காட்டி, "அதான் பாப்பா. உங்கம்மா உள்ள கீறாங்க. எறக்கும்மே," என்றார்.

இறக்கினேன். ரீப்பரைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, மவுண்டைத் தூக்கினேன்.

அந்தப் பெண், "அம்மா!" என்றது. பெண், மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள் எல்லாரும் நேற்று எடுத்த மாதிரி கருகருவென்று புதுசாக இருந்தார்கள். இத்தனை வருஷம் அட்டைக்கு அடியில் நிழலில் இருந்தார்களே! என் மாமனார் மட்டும் மஞ்சளாக வெளுத்து ஒரு சதுரத்துக்குள் நின்றார். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட மயில் துத்தம் அவர் தோளில் பச்சையும் பழுப்புமாகக் கறையாக ஊறி, மோவாய் வரைக்கும் வந்திருந்தது. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் முகத்தைத் தின்றிருக்கும்.

நான் அழுதுவிட்டேன். என் கையாலேயே செய்தேனே! யாரை வேண்டாம் என்று டேப் போட்டு விட்டேனோ அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்காகப் பசையும் வெயிலும் தங்க ஓரமும் கொடுத்தேனோ அவர்தான் வீணாகிப் போனார். இதை எங்கே போய்ச் சொல்வது?

மாமியார் குனிந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். "முகம் கீது வுடு. அழுவாத," என்றார் என்னிடம்.

படத்தின் இடது பக்கம் லேசாகத் தூக்கியதும் எழுந்து வந்துவிட்டது. மாமனார் நின்ற இடம் மட்டும் காலண்டர் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அவர் கிழிந்துவிடுவார். நான் கையை எடுத்துவிட்டேன்.

"அப்படியே அட்டையோட கொடுங்க, ஜாக்கிரதையா வெச்சுக் காப்பி எடுத்துட்டுத் தர்றேன்," என்றது அந்தப் பெண்.

"காப்பி புகையாட்டம் வரும் பாப்பா. நாங்க எடுத்துப் பாத்துட்டோம்," என்றார் மாமியார். பிறகு படத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டு, இவர் எப்போது போனார், அவர் எப்போது போனார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். கடைசியில் விரல் மாமனாரிடம் வந்து நின்றது. "இதுல கீறவங்க யாரும் இப்ப இல்ல. இனிமே கத்திரி வெக்கலாம். அசலயே எடுத்துனு போ."

என் பிளேடையும் ஸ்கேலையும் எடுத்து வரச் சொன்னார். எங்கே வெட்ட வேண்டும் என்று நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். கோடு தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, நீட்டிய கையோடு போய், குடைக்காம்பைப் பிடித்திருக்கும் கைமுட்டிக்கு மேலே நின்றது.

அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. "குடையையும் சேர்த்து எடுத்துக்குங்க ஆயா. எனக்கு அம்மா அப்பா இருந்தா போதும்," என்றது. மனசாரத்தான் சொன்னது.

"வேணாம் பாப்பா. கை எங்களுது. குட உங்களுது," என்றார் மாமியார்.

என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் அட்டை வெட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு வெட்டினேன். முட்டியைச் சுற்றி பிளேடை வளைத்து எடுத்தேன். ஒரு விரல்கூடப் போகவில்லை. மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அந்தப் பெண் மிச்சப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியது. மாமியார் வாசல் வரை போனார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மவுண்ட் வெட்டினேன். இந்தத் தடவை யாரையும் மறைக்க வேண்டியதில்லை. சின்னக் கண்ணாடியே போதுமாக இருந்தது. பசை, மயில் துத்தம் எதுவும் போடவில்லை. வெட்டி எடுத்த துண்டை அட்டையோடு அப்படியே உள்ளே வைத்தேன். வெயில் படாத பக்கத்துச் சுவரில் மாட்டினேன். முழங்கையோடு நின்ற கை இப்போது மடக்கிய விரல்கள் வரைக்கும் முழுசாகத் தெரிந்தது.

மாட்டி ஒரு மாதம் இருக்கும். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, "தாத்தா எந்தக் கட்சி ஆயா? கைய நல்லா தூக்கிக்கினு கீறாரு," என்று கேட்டார்.

நான் அடுப்படியில் நின்றபடி மேடைக்கும் மைக்குக்கும் காத்திருந்தேன்.

"கட்சிலாம் இல்ல நைனா," என்றார் மாமியார். "ஒருத்தருக்குக் குட புடிச்சினு இருந்தாரு. குடயத் திருப்பிக் குடுத்துட்டோம்."